கான்கிரீட் இறுகும் முன் கலைஞரை அழையுங்கள்

தமிழ்நாட்டில் ஒரு மேம்பாலமோ பேருந்து நிலையமோ உருவாகும் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண் பரிசோதனை, வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, கம்பி, கான்கிரீட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்த பிறகு, தூண்கள் மொட்டையாக நிற்கின்றனவே என்று யாருக்காவது தோன்றும். ஓவியரின் நினைவு அப்போதுதான் வரும். சில வாரங்களில் தூண்களில் மயிலும் காளையும் பரதநாட்டியப் பெண்ணும் ஏறிவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் போனால் வண்ணம் வெளுத்து, மயிலின் கழுத்தில் சுவரொட்டி ஒட்டியிருக்கும். வரைந்தவர்களின் திறமையில் குறை இல்லை. அவர்களை அழைத்த நேரம்தான் பிழை. எதையும் மாற்ற முடியாத கட்டத்தில் ஒருவரை வரவழைத்து, மிச்சமிருக்கும் மேற்பரப்பை மட்டும் கொடுத்தால், அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் பூச்சு வேலைதான் செய்ய முடியும். பொது இடங்களில் கலைக்குப் பணம் செலவிடலாமா கூடாதா என்று அவ்வப்போது வாதாடுகிறோம். அதற்கு முன்பு கேட்க வேண்டியது, கலைஞர் எந்தக் கட்டத்தில் உள்ளே வருகிறார் என்பது. பொறியாளரும் கட்டட வடிவமைப்பாளரும் முதல் வரைபடத்தை விரிக்கும் மேசையிலேயே அவருக்கும் இடம் வேண்டும், அதற்கான ஊதியம் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் வாதம்.

வரைபடத்தில் விழும் ஒவ்வொரு கோடும் பின்னால் ஒரு மனிதரின் அனுபவமாக மாறுகிறது. கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும், படியேறியதும் கண் எதில் படும், பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவர் எதில் சாய்வார், மழைநீர் எந்த வழியாக இறங்கும். இவையெல்லாம் அழகு பற்றிய முடிவுகள் என்று எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை. ஆனாலும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன; பெரும்பாலும் யாரும் யோசிக்காமலேயே எடுக்கப்படுகின்றன. சென்னையின் பறக்கும் ரயில் இதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. 1995-இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டிய அந்தத் தடத்தின் பல நிலையங்களில், பகலிலும் இருண்டு கிடக்கும் பிரமாண்டமான கூடங்களைப் பார்க்கலாம். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று நம்பிக் கட்டிய தளங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. ரயில் ஓடுகிறது, தூண் உறுதியாக நிற்கிறது. பொறியியல் தன் கடமையை முடித்துவிட்டது. அந்தக் கூடத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடக்கும் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று கேட்பது மட்டும் யாருடைய பணியிலும் சேரவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு நகரம் ஆட்களை உள்ளே விட்டபோது என்ன நடந்தது என்பதற்கு ஸ்டாக்ஹோம் சுரங்க ரயிலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே 1950-இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே வேரா நில்சன், சிரி டெர்கெர்ட் என்ற இரண்டு பெண் ஓவியர்கள், கலை வசதி படைத்தவர்களின் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது, வேலைக்குப் போகிறவர்கள் தினமும் நிற்கும் நடைமேடைக்கு அது வர வேண்டும் என்று போராடினார்கள். நகர மன்றம் இணங்கியது. 1957-இல் திறக்கப்பட்ட டி-சென்ட்ராலன் என்ற மைய நிலையத்தில் முதல் படைப்புகள் இடம்பெற்றன. இன்று அந்தக் கட்டமைப்பின் 100 நிலையங்களில் 90-க்கும் மேற்பட்டவற்றில் கலை இருக்கிறது. 110 கிலோமீட்டர் நீளக் கலைக்கூடம் என்று அந்நகரத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நீளத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1970-களில் நடந்த ஒரு மாற்றம்.

அதுவரை பாறையைக் குடைந்து நிலையம் அமைத்தால், குடைந்த பாறையை மறைத்து உள்ளே வழக்கமான சுவரும் கூரையும் எழுப்புவார்கள். கலைஞருக்குக் கிடைத்தது அந்தச் சுவரில் ஒரு பகுதி. 1975-இல் திறக்கப்பட்ட நீலத் தடத்தில் வேறு வழியைத் தேர்ந்தார்கள். பெர் ரெய்மர்ஸ், மிக்கேல் கிரானிட் என்ற வடிவமைப்பாளர்கள் தலைமையேற்றிருந்த காலம் அது. குடைந்த பாறையின் மேடு பள்ளங்களை அப்படியே விட்டு, அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி ஒரு படலமாக ஒட்டவைத்தார்கள். தளர்ந்த கற்களைப் பிடித்து நிறுத்துவதற்காகப் பொறியாளர் போட்ட படலம் அது. ஓவியர் நேராக அதன்மேலேயே வரைந்தார். மறைப்புச் சுவரும் இல்லை, தனியாகச் சட்டம் போட்ட படமும் இல்லை. கட்டமைப்பு எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாத ஒரு மேற்பரப்பு. பாறை இடிந்து விழாமல் இருக்க என்ன செய்வது என்பதும், பூமிக்கடியில் நிற்கும் மனிதருக்கு மூச்சுமுட்டாமல் இருக்க என்ன செய்வது என்பதும் ஒரே சமயத்தில் ஒரே மேசையில் பேசப்பட்டால்தான் இப்படி ஒன்று கைகூடும்.

டி-சென்ட்ராலனின் நீலத் தட நடைமேடையை உருவாக்கியவர் பெர் ஊலோஃப் உல்ட்வெட். வெள்ளைக் குகைக் கூரையில் பெரிய பெரிய நீல இலைகளும் கொடிகளும் படர்கின்றன. எல்லாத் தடங்களும் வந்து சேரும் இடம், ஓட்டமும் நெரிசலுமாக இருக்கும் இடம் என்பதால் மனத்தை ஆற்றும் நிறமாக நீலத்தை எடுத்துக்கொண்டார். ஒரு வளைவுக்கு அடியில் வந்து நிமிர்ந்தால் இலைகளுக்குப் பதில் மனித நிழலுருவங்கள் தெரியும். பற்றவைப்பவர், தச்சர், பாறை உடைப்பவர் என்று அந்த நிலையத்தைக் கட்டியவர்களின் உருவங்கள் அவை. கட்டி முடித்த பிறகு வண்ணக் குவளையோடு வந்த ஒருவருக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்க வழியில்லை. அந்தத் தொழிலாளர்கள் அப்போது வேறு சுரங்கத்துக்குப் போயிருப்பார்கள். அதே ஆண்டு திறக்கப்பட்ட சோல்னா சென்ட்ரம் நிலையத்தில் கார்ல்-ஊலோவ் பியோர்க், ஆண்டெர்ஸ் ஓபெரி என்ற இருவர் கூரை முழுவதையும் செக்கச் சிவந்த வானமாக்கி, அதன்கீழ் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஊசியிலைக் காட்டை வரைந்தார்கள். காடு அழிவதையும் கிராமங்கள் ஆளற்றுப் போவதையும் பற்றிய படம் அது. அரசுப் பணத்தில் கட்டிய நிலையத்தில் அந்த நாட்டின் வளர்ச்சிப் பாதையையே கேள்வி கேட்கும் ஓவியம் அரை நூற்றாண்டாக இருக்கிறது. கலைஞரை அழைப்பது என்றால் அவர் சொல்வதையும் தாங்கிக்கொள்வது என்று அந்த நிர்வாகம் புரிந்துவைத்திருந்தது.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. பொதுக் கலையை எதிர்ப்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அமெரிக்கக் கூட்டரசின் கட்டடங்களை நிர்வகிக்கும் துறை, கட்டுமானச் செலவில் அரை சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் திட்டத்தின் கீழ், நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசா என்ற அலுவலக முற்றத்துக்காக 1979-இல் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பியை அமர்த்தியது. 1981-இல் ‘டில்ட்டட் ஆர்க்’ என்ற படைப்பு அங்கே நின்றது. 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குலக் கனம் கொண்ட, துருவையே மேற்பூச்சாகத் தாங்கும் எஃகுச் சுவர் அது. லேசாகச் சாய்ந்து வளைந்து முற்றத்தை இரண்டாக அறுத்தது. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. ஊழியர்கள் கையெழுத்து வாங்கி முறையிட்டார்கள். 1985 மார்ச்சில் பொது விசாரணை நடந்தது. சிற்பம் இருக்கட்டும் என்று 122 பேரும் அகற்ற வேண்டும் என்று 58 பேரும் பேசினார்கள். பேசியவர்களில் பெரும்பான்மை ஒருபுறம் இருக்க, அகற்றும் முடிவே வென்றது. செர்ரா நீதிமன்றம் போயும் பலிக்கவில்லை. 1989 மார்ச் 15 இரவு சுவரை வெட்டி எடுத்துப் போனார்கள்.

கலைஞரின் ஆணவத்துக்கும் மக்களின் அறியாமைக்கும் நடந்த சண்டை என்று இதை இரு தரப்பும் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டன. எனக்கு வேறொன்று தெரிகிறது. செர்ரா வரும்போது அந்த முற்றம் கட்டி முடித்துப் பத்தாண்டு ஆகியிருந்தது. காற்றடிக்கும் வெற்றுத் தரை, ஒரு நீரூற்று, பின்னால் உயர்ந்த கட்டடம். அந்த நீரூற்றை நகர்த்தவோ, மரம் வைக்கவோ, நிழலும் இருக்கையும் சேர்க்கவோ அவரை யாரும் அழைக்கவில்லை. முடிந்துபோன இடத்தில் ஒரு பொருளை வைக்கும் வேலை அவருடையது. அவர் அந்த இடத்தோடு மோதும் பொருளை வைத்தார். மோதுவதற்கு அவருக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் மதிய உணவுக்கு உட்கார நிழல் தேடிய ஊழியருக்கு, நிழலைப் பற்றி ஒருவருமே யோசிக்காத முற்றத்தில் கடைசியாக வந்து சேர்ந்தது வழியை மறிக்கும் ஒரு சுவர். 1990-களில் மார்த்தா ஷ்வார்ட்ஸ் என்ற நில வடிவமைப்பாளர் அதே முற்றத்தை மறுபடி அமைத்தபோது, முன்னும் பின்னுமாக வளைந்து ஓடும் பச்சை நிற இருக்கைகளால் அதை நிரப்பினார். மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் இருந்தே பற்றாக்குறையாக இருந்தது அதுதான். ஆகவே இந்த வழக்கு கலைஞரைச் சேர்க்கக் கூடாது என்பதற்குச் சான்றாகாது. பத்து ஆண்டு தாமதமாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கே சான்று.

செலவைப் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. அதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் அனிஷ் கபூர் உருவாக்கிய ‘கிளவுட் கேட்’ சிற்பத்தை உலகமே படமெடுத்துக்கொள்கிறது. 168 துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்பின் தடமே தெரியாமல் தேய்த்து மெருகேற்றிய, ஏறத்தாழ 100 டன் எடையுள்ள உருவம் அது. தொடக்க மதிப்பீடு 60 லட்சம் டாலர். முடிந்தபோது 2 கோடியே 30 லட்சம் டாலர். பூங்கா 2004-இல் திறக்கப்பட்டது, சிற்பம் முழுமையானது 2006-இல். சிற்பத்தின் அடியில் வாகன நிறுத்தமும் உணவகமும் இருந்ததால் எடையைக் கீழே கடத்துவதே பெரிய கணக்கானது. சிகாகோவின் உறைபனிக்கும் கோடை வெயிலுக்கும் ஏற்ப எஃகுத் தோல் சுருங்கி விரிய, உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டோடு அதை இறுக்கிப் பிணைக்காமல் நெகிழ்வான இணைப்புகளில் தொங்கவிட வேண்டியிருந்தது. மேற்குக் கரையில் முழுதாகச் செய்து பனாமா கால்வாய் வழியே கப்பலில் கொண்டுவரும் யோசனை ஆபத்தானது என்று கைவிடப்பட்டு, தகடுகளைத் தனித்தனியே லாரியில் ஏற்றி வந்து பூங்காவிலேயே பொருத்தினார்கள். பணம் தனியார் நன்கொடையாக வந்ததால் தாங்க முடிந்தது. நம் மாநகராட்சி எதுவும் இப்படி ஒரு செலவேற்றத்தைத் தாங்காது, தாங்கவும் கூடாது. ஆனால் இங்கே வேலை நடந்த வரிசையைக் கவனியுங்கள். கலைஞர் ஒரு முழு உருவத்தைக் கொடுத்தார், அதை எப்படியாவது நிற்கவைப்பது பொறியாளர்களின் பாடாயிற்று. அற்புதமான விளைவு, சந்தேகமில்லை. என்றாலும் உருவம் முதலில், கணக்கு பிறகு என்ற வரிசையில் விலை ஏறத்தான் செய்யும். ஸ்டாக்ஹோமில் இரண்டும் ஒன்றாக நடந்தன.

அதே பூங்காவில் சில நூறு அடி தள்ளி ஸ்பெயின் சிற்பி ஹௌமே பிளென்சாவும் குரூக் அண்ட் செக்ஸ்டன் என்ற வடிவமைப்பு நிறுவனமும் சேர்ந்து அமைத்த ‘கிரவுன் ஃபவுண்டன்’ இருக்கிறது. எதிரெதிரே 50 அடி உயரக் கண்ணாடிக் கட்டிக் கோபுரங்கள் இரண்டு, நடுவே மெல்லிய படலமாக நீர் பரவிய கருங்கல் தரை. கோபுரங்களில் சிகாகோ நகரவாசிகள் சுமார் 1,000 பேரின் முகங்கள் மாறி மாறித் தோன்றும். முகம் உதட்டைக் குவிக்கும் அதே நொடியில் வாய் இருக்கும் இடத்திலிருந்து நீர் பீய்ச்சும். வெயில் நாள்களில் குழந்தைகள் அதன்கீழ் குவிந்துகிடப்பார்கள். அந்த விளையாட்டுக்கு அடிப்படை, வழுக்காத, தேங்காத, கால் மட்டும் நனையும் அளவுக்கு நீர் நிற்கும் அந்தத் தரை, அதாவது பொறியியல். 2006-இல் நகர நிர்வாகம் கோபுரங்களின் உச்சியில் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். கேமராக்கள் இறக்கப்பட்டன. தங்களுடையது என்று நினைக்கும் இடத்துக்காகத்தான் மக்கள் இப்படிச் சண்டை பிடிப்பார்கள்.

கழிப்பறை இல்லாத பேருந்து நிலையங்கள் இருக்கும் ஊரில் கலைக்கு என்ன அவசரம் என்ற கேள்வி நம்மிடம் உடனே எழும். நியாயமான கேள்விதான். ஆனால் கலைஞரின் வேலை கழிப்பறைக்குப் பிறகு வரும் அலங்காரம் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் அந்த எண்ணத்தைக் குப்பைக் கிடங்கிலேயே சோதித்துப் பார்த்தது. 27-வது அவென்யூவில் கழிவுகளைத் தரம் பிரித்து ஏற்றி அனுப்பும் நிலையம் கட்ட வேண்டியிருந்தது. மைக்கேல் சிங்கர், லின்னியா கிளாட் என்ற இரு கலைஞர்களை நகரம் அழைத்து, பொறியாளர்களோடு சேர்ந்து வடிவமைப்பையே முன்னின்று நடத்தச் சொன்னது. அவர்கள் சிலை எதுவும் வைக்கவில்லை. லாரிகள் வரும் பாதை, கட்டடத்தின் திசை, வெளிச்சம், செடிகொடிகள் எல்லாவற்றையும் மறுபடி யோசித்தார்கள். குப்பை கொட்டித் தரம் பிரிக்கும் தளத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும்படி படிக்கட்டு அரங்கம் ஒன்றை அமைத்தார்கள். நகரம் எறிவது எங்கே போகிறது என்று நகரமே வந்து பார்க்கலாம். 1993-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் ஒதுக்கிய தொகைக்குள்ளேயே முடிந்தது. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளை ஆண்டுக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகும் நமக்கு, குப்பையைக் கண்ணெதிரே கொண்டுவர ஒரு கலைஞரால் முடியும் என்பது ஆடம்பரச் செய்தி அல்ல.

பணக்கார நாடுகளின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. அகமதாபாத்தில் 1990-களின் முதல் பாதியில் வடிவமைப்பாளர் பி.வி. தோஷியும் ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் சேர்ந்து எழுப்பிய ‘குஃபா’ நிலத்தடிக் கலைக்கூடம், கம்பிவலையில் சிமெண்ட் கலவையைப் பூசிச் செய்த, ஓர் அங்குலமே கனமுள்ள ஓடுகளால் ஆனது. வளைவுகளின் கணக்கைக் கணினி போட்டது. கட்டியவர்கள் கைக்கருவிகளோடு வந்த பழங்குடித் தொழிலாளர்கள். குவிமாடங்களுக்கு மேல் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பதித்தார்கள். தில்லியில் 1992-இல் பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் கோரேயா, ஆங்கில ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கினைச் சேர்த்துக்கொண்டார். ஆலமர நிழலை நினைவூட்டும் முகப்பு ஓவியம் வண்ணத்தால் ஆனதல்ல. நம் வீட்டுச் சமையலறை மேடைகளில் கிடக்கும் அதே கறுப்புக் கடப்பைக் கல்லும் வெள்ளை மக்ரானா பளிங்கும் சேர்த்து இழைத்தது. தில்லி வெயிலில் வண்ணம் வெளுக்கும், கல் வெளுக்காது. இலங்கையில் ஜெஃப்ரி பாவா, கோட்டேயில் 1982-இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றம் வரை, லக்கி சேனநாயக்க போன்ற கலைஞர்களைத் தன் கட்டடங்களின் கூட்டாளிகளாகவே வைத்திருந்தார். அவையின் நடுவே தொங்கும் வெள்ளிப் பனையோலைச் சரவிளக்கு லக்கியின் கைவண்ணம்.

இங்கே சிலர் ஸ்தபதி மரபை நினைவூட்டுவார்கள். சிற்பமும் கட்டமைப்பும் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்த மரபு நமக்கு உண்டு, உண்மைதான். கன்னியாகுமரிப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை, கணபதி ஸ்தபதியின் கையில் சிற்பமாகவும் கல் பொறியியலாகவும் ஒருசேர உருவானது. 2004 ஆழிப்பேரலை அதன் மேல் மோதியும் அசையவில்லை. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அதைச் சொல்லி ஆறுதல் அடைவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மரபு பெரும்பாலும் குடும்ப வழியாகவும் சாதி வழியாகவும் கைமாறி வந்தது. அதன் களம் கோயிலும் சிலையும். கழிவுநீர்க் குழாயும் மின்தூக்கியும் சக்கர நாற்காலிச் சரிவும் வேண்டும் ஒரு ரயில் நிலையத்தை ஒரு தனி மனிதரின் தலைக்குள் இன்று அடக்க முடியாது. ஒருவரிடம் இருந்த அறிவு இப்போது பல துறைகளில் பிரிந்து கிடக்கிறது. அவற்றை ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் வழி.

உட்காரவைக்காததன் விளைவைச் சென்னையிலேயே பார்க்கிறோம். ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றிய கண்ணகி நகரில், 2020-இல் கலைஞர்கள் அடுக்குமாடிச் சுவர்களில் மிகப் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். நல்ல ஓவியங்கள். ஊரின் பெயரைக் கேட்டதும் முகம் சுளித்த பலரை அங்கே வந்து பார்க்கவைத்தவை. ஆனால் அவை வந்தபோது அந்தக் குடியிருப்புக்கு ஏறத்தாழ இருபது வயது. வீட்டின் அளவு, மாடிப்படியின் அகலம், பிள்ளைகள் விளையாடும் இடம், பிழைப்பு இருக்கும் நகரத்திலிருந்து தூரம் எல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டன. வண்ணத்தால் ஒரு சன்னலைக்கூட அகலமாக்க முடியாது. அந்தக் கலைஞர்களில் இரண்டு பேர் முதல் வரைபடம் போட்ட நாளிலேயே அங்கு குடியேறப் போகிறவர்களோடு பேச அனுப்பப்பட்டிருந்தால், திண்ணை வேண்டும் என்றாவது ஒரு குரல் கோப்பில் ஏறியிருக்கும்.

பொறியாளர்கள் எழுப்பும் தயக்கம் வேறு வகை. பாலம் இடிந்தால் சிறைக்குப் போவது கையெழுத்துப் போட்டவர், ஓவியர் அல்ல. ஆகவே கடைசிச் சொல் யாருடையது என்று கேட்கிறார்கள். உறுதி, தீப்பாதுகாப்பு, மக்கள் வெளியேறும் வழி ஆகியவற்றில் கடைசிச் சொல் பொறியாளருடையதுதான். அதில் பேரமே கிடையாது. ஆனால் கையெழுத்துப் போடும் பொறுப்பு ஒருவருடையது என்பதால் மற்றவர் பேசவே கூடாது என்று ஆகாது. ஆத்தங்குடி ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து, சூளையில் சுடாமலே செய்யும் ஓடு அது. ஒரு ரயில் நிலையத் தரைக்கு அதை ஓர் ஓவியர் பரிந்துரைத்தால், மழைநாளில் ஈரச் செருப்போடு ஓடிவருகிறவருக்கு வழுக்குமா, ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்தால் எத்தனை ஆண்டு தாங்கும் என்று பொறியாளர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். தரைக்கு ஆகாது, கை எட்டும் உயரத்துச் சுவருக்கு ஆகும் என்று இருவரும் ஒரு முடிவுக்கு வரலாம். இந்தப் பேச்சு வரைபடத்தில் நடந்தால் செலவு ஒரு மாலைப் பொழுது. கிரானைட் பதித்து முடித்த பிறகு நடந்தால் உடைத்துப் போட வேண்டியிருக்கும்.

எனக்கே கவலை தரும் மறுப்பு, யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது. செல்வாக்குள்ளவரின் உறவினர் கலைஞர் ஆகிவிடுவார், சுவரெல்லாம் தலைவர்களின் முகமாகிவிடும் என்ற அச்சம் நம் அனுபவத்திலிருந்து வருவது. அதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம் கண்ட வழி பயனுள்ளது. பொதுப் பணிச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் சட்டத்தை அந்நகரம் 1973-இல் கொண்டுவந்தது. 1979-இல் வியூலேண்ட்ஸ் ஹாஃப்மன் என்ற மின் துணைநிலையத்தை அமைத்தபோது மூன்று கலைஞர்களை வடிவமைப்புக் குழுவிலேயே உட்காரவைத்தது. அமெரிக்காவில் கலைஞர்கள் தொடக்கத்திலிருந்தே குழு உறுப்பினர்களாக இருந்த முதல் திட்டங்களுள் அது ஒன்று. கோயில் கோபுரமோ நினைவுச் சின்னமோ இல்லை, மின்மாற்றிகள் நிற்கும் வளாகம். யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. விழாவும் கல்வெட்டும் இல்லாத இடத்தில் பரிந்துரைக்கும் வேலை குறைவு. விண்ணப்பிப்பவரின் முந்தைய வேலைகளைப் பார்த்து, ஓவிய, சிற்பக் கல்லூரி ஆசிரியர்களும் பொறியாளர்களும் அந்தப் பகுதி மக்களும் உள்ள குழு வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பெண்களைப் பொதுவில் வைக்க வேண்டும். ஊழலை இது ஒழித்துவிடாது, ஒளித்துச் செய்வதைக் கடினமாக்கும். கும்பகோணத்திலும் மாமல்லபுரத்திலும் சென்னையிலும் அரசுக் கல்லூரிகளில் ஓவியமும் சிற்பமும் படித்து வெளிவரும் இளைஞர்கள் வேலை தேடி அலையும் மாநிலம் இது. திறமைக்குப் பஞ்சம் இல்லை.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளம், ரூ.63,246 கோடி மதிப்பீடு. அதன் பல நிலையங்களின் உடல் ஏற்கெனவே எழும்பிவிட்டது. அவற்றில் கலைஞரைத் தொடக்கத்தில் சேர்க்கும் வாய்ப்பைத் தவறவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நிலைய வாசல்கள், பேருந்து வந்து நிற்கும் முன்களங்கள், தூண்களுக்கு அடியில் கிடக்கும் நிலம், நடைபாதைகள், இருக்கைகள், நிழற்குடைகள் ஆகியவற்றில் இன்னும் எவ்வளவோ தீர்மானிக்க இருக்கிறது. அங்கே தொடங்கலாம். அதற்குப் பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதுப்பணித் துறை மதிப்பீடு போடப் பயன்படுத்தும் விலைவிகிதப் பட்டியலில், வடிவமைப்புக் கட்டத்தில் கலைஞருக்கான ஊதியம் என்று ஓர் இனத்தைச் சேர்த்தால் போதும். அதை ஒப்பந்ததாரரின் விலைப்புள்ளிக்குள் போட்டுவிடக் கூடாது. மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்ற முறையில் முதலில் வெட்டுப்படுவது அதுவாகத்தான் இருக்கும். ஆலோசனைப் பொறியாளருக்குத் தருவதுபோல அரசே தனியாகத் தர வேண்டும். பராமரிப்புக்கும் ஒரு தொகையை அப்போதே எழுதிவைக்க வேண்டும். என்ன பொருளால் செய்தது, எதைக் கொண்டு கழுவலாம், ஒரு துண்டு உடைந்தால் யாரிடம் வாங்குவது என்ற குறிப்பைக் கலைஞர் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை வழங்கப்பட வேண்டும். அடுத்ததாகக் கட்டப்போகும் ஏதாவது ஒரு நகராட்சிப் பேருந்து நிலையத்தில், இடத்தை அளக்கப் போகும் பொறியாளரின் வண்டியில் ஒரு சிற்பியையும் ஏற்றி அனுப்பி, இதைச் சோதித்துப் பார்க்கலாம்.